தங்கச்சி போகும் பகல் நிலையம்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

கொழும்பில், வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் நடுவே, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது இந்த நிலையம். பழைய மாடி வீடு, முன்னால் ஒரு மாமரம், பச்சை கேற். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள, பதினெட்டு வயது தாண்டியவர்களைக் காலை எட்டரையிலிருந்து பின்னேரம் இரண்டரை வரை பார்த்துக்கொள்கிறார்கள். தமிழ், சிங்களம் இரண்டும் ஓடுகிறது. பெயரை இங்கே போடவில்லை. அங்கே வருகிறவர்கள் யார், எத்தனை மணிக்கு எந்த ஒழுங்கையால் வெளியே வருவார்கள் என்று பொதுவில் எழுதி வைப்பது சரியில்லை, அதுவும் நான் எழுதப் போகிற விஷயத்துக்கு. வேண்டியவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

சாதாரணமாக எல்லாரும் கேட்பதை முதலில் முடித்துவிடுகிறேன். சாப்பாடு நல்லது, பருப்பும் ஒரு மரக்கறியும் கட்டாயம், வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு மட்டும். இடம் துப்புரவு. வலிப்பு மருந்து நேரத்துக்குக் கொடுக்கிறார்கள், கொடுத்த நேரத்தை எழுதியும் வைக்கிறார்கள். கைவேலை என்று பேப்பர் பைகள் ஒட்டுவிக்கிறார்கள், அதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, நாள் முழுக்கப் பை ஒட்டுவதை யாரும் ஆசைப்பட்டுச் செய்யமாட்டார்கள். கட்டணம் மாதம் 22,000 ரூபா, வானுக்கு வேறாக 9,000. சரி, இவ்வளவும் ஃபோன் போட்டுக் கேட்டாலே சொல்வார்கள்.

இங்கே எழுத வந்தது, ஃபோனில் யாரும் கேட்காத ஒன்றைப் பற்றி. தங்கச்சிக்கு இருபத்தொன்பது வயது, டவுன் சின்ட்ரோம். நேர்முகத்துக்குப் போன அன்றே பொறுப்பாளர் மிஸ்ஸிடம் நேராகக் கேட்டேன்: "இங்க இவளை யாராவது தொடக்கூடாத இடத்தில தொட்டா, இவள் யாரிட்ட சொல்லலாம்? சொன்னாப் பிறகு நீங்கள் என்ன செய்வீங்கள்?" அம்மா பக்கத்தில் இருந்து என் கையைக் கிள்ளினார். மிஸ் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார், அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பிறகு "இதைக் கேக்கிற ஆக்கள் குறைவு" என்று மட்டும் சொன்னார்.

இதே கேள்வியை இதற்கு முன் தங்கச்சி போன இன்னொரு இடத்திலும் கேட்டிருக்கிறேன். அங்கே கிடைத்த பதில், "எங்கட இடத்தில அப்படி ஒண்டும் நடக்காது அக்கா", கூடவே கேற்றுக்கு மேலே இருந்த கமராவை விரலால் காட்டினார்கள். அந்தக் கமரா வெளியே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து கள்வன் வருவான் என்று பயப்படுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் இந்த விஷயத்தில் ஆள் வெளியிலிருந்து சுவர் ஏறிக் குதித்து வருவது அபூர்வம். சாப்பாடு ஊட்டுகிறவர், குளிக்க வார்க்கிறவர், வான் ஓட்டுகிறவர், வீட்டுக்கு வந்து போகிற சொந்தம், இவர்களில் ஒருவராகத்தான் பெரும்பாலும் இருக்கும். உயர்ந்த மதில், பூட்டிய கேற், "முன்கூட்டிச் சொல்லாமல் பெற்றோர் வரக்கூடாது" என்ற அறிவித்தல், இவற்றைப் பார்த்து நிம்மதியாகப் போகிற அம்மாக்களை நான் கண்டிருக்கிறேன். உள்ளே நடப்பதைப் பார்க்க யாருமே இல்லாதபடி பண்ணிவிட்டு அதைப் பாதுகாப்பு என்று விற்கிறார்கள்.

எங்கள் பெரியம்மா ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷி, ஆனால் இந்தப் பேச்சு வந்தால் "இந்தப் பிள்ளையை யார் என்ன செய்யப் போறான், கடவுளே" என்பார். ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆய்வுகள் நேர் எதிராகச் சொல்கின்றன. 2012இல் லான்செட் மருத்துவ இதழில், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்கு வெளியானது: குறைபாடு உள்ள பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 2.9 மடங்கு, அறிவு வளர்ச்சி அல்லது மனநலக் குறைபாடு உள்ளவர்களுக்கு 4.6 மடங்கு. அதுவும் பெரும்பாலும் வசதியான நாடுகளின் தரவு. அமெரிக்காவில் 2018இல் என்பிஆர் வானொலி, நீதித் திணைக்களத்தின் தரவை வாங்கிப் பார்த்துச் சொன்னது, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று. விடுதிகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் இருப்பவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதமானவர்களுக்கு ஏதோ ஒரு குறைபாடு இருக்கிறது, ஆள்கணக்கில் 16 லட்சத்துக்கு மேல். எந்த ஒழுங்கையிலும் ஒரு வீட்டில் ஒருவர் இருப்பார், வெளியே கண்டிருக்கமாட்டோம், அவ்வளவுதான்.

அந்த வெளியே காணாமல் இருப்பதுதான் எனக்கு முழுக் கதையாகவும் தெரிகிறது. தங்கச்சியின் குரோமோசோமில் ஆபத்து ஒன்றும் எழுதியில்லை. பாடசாலையில் "இவவை வைச்சிருக்க ஏலாது" என்று சொன்னார்கள், அத்தோடு அவளுக்கு வகுப்புத் தோழிகள் இல்லாமல் போனார்கள். கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஆக்கள் பார்ப்பார்கள் என்று வீட்டில் விட்டுப் போனோம், அப்போது "பார்த்துக்கொள்ள" ஒருவர் வந்தார், யார் வந்தாலும் நன்றி சொன்னோம். எல்லாருக்கும் முத்தம் கொடு, சொன்னதைக் கேள், அடம் பிடிக்காதே என்று பழக்கினோம். உடுப்பு மாற்ற யார் கை வைத்தாலும் பேசாமல் நிற்கப் பழகினாள். அவளுக்கு உடம்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை, "அதெல்லாம் அவளுக்கு விளங்காது". இருபது வயதில் அவளுக்குத் தெரிந்த மனிதரை எண்ணினால் எல்லாரும் ஒன்றில் சொந்தம், அல்லது சம்பளத்துக்கு வந்தவர்கள். அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே ஒருவன் கெட்டவனாக இருந்தால் சொல்லிக்கொள்ள வட்டத்துக்கு வெளியே அவளுக்கு ஒருத்தரும் இல்லை. செய்கிறவனுக்கும் இது தெரியும். இவள் சொல்லமாட்டாள், சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் அவன் ஆளைத் தேர்கிறான்.

ஆகவே எந்த இடத்தையும் நான் இப்போது ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்: அவளைத் தெரிந்த ஆக்களின் எண்ணிக்கை அங்கே போன பிறகு கூடுகிறதா, குறைகிறதா?

வானிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அதிகம் பயம் இருந்த இடம் அதுதான். கொழும்பில் இப்படி வான் ஓடுவதில் ஒரு கடைசிப் பிள்ளை இருக்கும். எல்லாரையும் இறக்கி முடிய அந்த ஒன்று மட்டும் ட்ரைவரோடு வானுக்குள் தனியாக இருக்கும், பத்து நிமிஷமோ அரை மணித்தியாலமோ, காலி வீதி ட்ரஃபிக்கைப் பொறுத்தது. இவர்கள் வானில் ஓர் அன்ரி கட்டாயம் வருகிறார், ஏறும்போதும் இறங்கும்போதும் கொப்பியில் நேரம் எழுதுகிறார். முன் சீற்றில் எந்தப் பிள்ளையையும் ஏற்றுவதில்லை. கடைசி இறக்கத்தில் இரண்டு பேர் ஒரே ஃப்ளாட்டில் இறங்குகிற மாதிரிப் பாதையைப் போட்டிருக்கிறார்கள், அதனால் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, டீசல் கூடத்தான், பெற்றோர் சிலர் அதற்காக முணுமுணுக்கிறார்கள். அன்ரி வராத ஒரு நாள் வானே வரவில்லை. காலை ஏழரைக்கு எனக்கு மெசேஜ் வந்தது, இன்று நீங்களே கொண்டுவந்து விடுங்கள் என்று. வேலைக்குப் பிந்தினேன், எரிச்சலும் வந்தது, ஆனாலும் இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மார்க்கில் பாதி அந்த மெசேஜுக்குத்தான்.

வான் ஏன் வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 100, 101 பஸ் வீட்டு வாசலால் போகிறது. தங்கச்சி பஸ்ஸில் போய்ப் பழகியிருக்கலாம், இலக்கம் வாசிப்பாள். ஆனால் பஸ் நிற்காது, மெதுவாக உருளும், ஓடிப்போய்த் தொற்ற வேண்டும். பொது இடங்களில் அணுகல் வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, அதற்கு முன்னமே 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பஸ் படி இன்னும் முழங்காலுக்கு மேலேதான். நடக்க முடியாதவர்களின் நிலையை யோசியுங்கள். பஸ் படியிலோ கட்டடப் படியிலோ ஒரு பெண்ணை யாரோ தூக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது, தூக்குகிறவன் கை எங்கே படுகிறது என்றாலும் அவளால் விலக முடியாது, "உதவி செய்யிற மனுஷனைப் போய்க் குறை சொல்லுறாள்" என்ற பேச்சும் அவளுக்குத்தான். ஒரு சாய்தளம் இல்லாமல் போனதால் அவள் தெரிந்த ஓட்டோக்காரன் ஒருவனிலேயே தங்கி நிற்கிறாள். அவன் நல்லவன் என்றால் அது அவள் அதிர்ஷ்டம்.

நிலையத்துக்குள் வருவோம். முதல் வாரம் நான் ஒரு மூலையில் கதிரை போட்டு இருக்க விட்டார்கள். மற்ற இடத்தில் அது நடக்கவே நடக்காது. காலை பத்து மணியிருக்கும், தங்கச்சியின் தலைமுடி கலைந்திருந்தது. வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி சீப்பும் ஸ்டிக்கர் பொட்டும் கொண்டு வந்து அவளுக்கு முன்னால் குந்தினாள். பின்னால் நின்று தலையைப் பிடிக்கவில்லை, முன்னால் குந்தினாள். "தலை இழுக்கட்டா?" தங்கச்சி தலையை ஆட்டினாள். இழுத்து முடித்து, "பொட்டு ஒட்டட்டா?" என்று கேட்டாள். "வேணாம்." அந்தப் பிள்ளை "சரி" என்று பொட்டைத் திரும்பவும் மட்டையில் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். கெஞ்சவில்லை, "வடிவா இருக்கும், வை" என்று சொல்லவில்லை. தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தொன்பது வருடத்தில் அவள் சொன்ன ஒரு வேணாமுக்கு ஆள் எழும்பிப் போனதை நான் அதற்கு முன் கண்டதாக ஞாபகமில்லை.

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பொட்டுக்கு வேணாம் சொல்ல விடாத பிள்ளை வேறு எதற்கு வேணாம் சொல்லப் போகிறாள்? இதன் பலன் வீட்டில் வேறு மாதிரி வந்தது. பெரியப்பா வந்தபோது கன்னத்தில் கொஞ்ச வந்தார், தங்கச்சி கையை நீட்டித் தடுத்து "வேணாம்" என்றாள். பெரியப்பாவுக்குக் கோபம், அம்மாவுக்கு வெட்கம், "அங்க விட்டு இவளைக் கெடுத்துப்போட்டாள்" என்று எனக்குத் திட்டு. பெரியப்பா தப்பான ஆள் இல்லை. தப்பான ஆள் வருகிற அன்றைக்கு அவளுக்குப் பழக்கம் இருக்க வேண்டுமென்றால் நல்ல ஆட்களிடம்தானே அவள் பழக வேண்டும், வேறு யாரிடம்?

ரொயிலட் பற்றிய விதி இது: தானாகப் போகத் தெரிந்தவருக்குக் கதவு மூடியே இருக்கும், தட்டிக் கேட்டுத்தான் திறக்க வேண்டும். உள்ளே கொண்டி இருக்கிறது, ஆனால் யாராவது விழுந்தால் வெளியிலிருந்து ஒரு காசால் திருகித் திறக்கலாம். உதவி தேவைப்படுகிறவருக்கு அதே பாலார் ஒருவர் போவார், போகுமுன் இன்னொருவருக்குச் சொல்லிவிட்டுப் போவார். பெரிய செலவில்லை, கமராவைவிட மலிவு.

வாரத்தில் ஒரு நாள் உடம்பு வகுப்பு. ஆண், பெண் படம் சுவரில் தொங்குகிறது, உறுப்புகளுக்கு உள்ள பெயரையே சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கே டொக்டர் பார்க்கலாம், அப்போதும் கூட யார் நிற்க வேண்டும், யாராவது "இது ரகசியம், அம்மாட்ட சொல்லாத" என்றால் என்ன செய்வது என்று நடித்துக் காட்டுகிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதற்குப் பெரிய சண்டை. "இல்லாத ஆசையைக் கிளப்பி விடுறீங்கள்" என்று ஓர் அப்பா எழும்பி நின்று சொன்னார். வேறொரு அம்மா, தன் மகளுக்குக் கருத்தடை ஊசி போட்டிருப்பதாகவும் ஆகவே தனக்குப் பயமில்லை என்றும் சொன்னார். அந்த இடத்தில் மிஸ் கொஞ்சம் கடுமையாகவே பேசினார்: ஊசி பிள்ளை தங்காமல் பார்க்கும், அவ்வளவுதான், ஆளை அது தடுக்காது, வீட்டுக்குத் தெரியவரும் ஒரு வழியையும் அடைத்துவிடும். கூட்டம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரிடம் வேறு யாரும் வேறு எதையும் எடுத்து நீட்டவில்லை, ஊசியைத்தான் நீட்டினார்கள்.

ஆசை என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். நிலையத்தில் இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்கள், கை பிடித்திருப்பார்கள். வேறு இடமென்றால் இருவரையும் வேறு வேறு அறைக்கு மாற்றி, வீட்டுக்கும் ஃபோன் போயிருக்கும். இங்கே இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள், என்ன விருப்பம், என்ன விருப்பமில்லை என்று. எனக்கும் முதலில் ஒரு மாதிரித்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் எல்லா அன்பையும் தடுத்து வைத்த ஒருத்தியிடம்தான், ஒரு ரீலோட் கார்டும் ஒரு ஐஸ்கிறீமும் "நான் உன்ர ஃபிரெண்ட்" என்ற ஒரு மெசேஜும் கொண்டு எவனும் வர முடிகிறது. அவளுக்கு வேறு நண்பர் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஆளிருக்கும். இல்லாவிட்டால் தன்னிடம் அன்பாகப் பேசுகிற ஒரே மனிதனை இழக்கப் பயந்தே வாயை மூடிக்கொள்வாள். தனிமை வயிற்றுப் பசி மாதிரி, யார் கொடுத்தாலும் வாங்க வைக்கும்.

பிறந்தநாள் சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். நம் ஊரில் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இப்படியான இடங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிற வழக்கம் இருக்கிறது, நல்ல வழக்கம். ஆனால் வந்தவர்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து ஃபோட்டோ எடுத்து, தோளில் கை போட்டு, ஒவ்வொருவருக்கும் ஊட்டிவிட்டுப் போவார்கள். முன்பின் தெரியாத மனிதர்! காசு தந்தவர் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இங்கே அப்படியில்லை. கொடுக்கிறவர் பாயில் இருந்து கூடச் சாப்பிடலாம், ஃபோட்டோ இல்லை, ஊட்டுவது இல்லை, அறைகளுக்குள் போவது இல்லை. இதனால் கொடுக்கிற ஆக்கள் குறைந்துவிட்டார்களாம். பரவாயில்லை, பருப்பே போதும்.

அடுத்தது தொடர்புக் கொப்பி. தினமும் பையில் வந்து போகும், வீட்டார் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. சாப்பிட்டாள், அழுதாள், வானில் ஏற மறுத்தாள், ஒருவரைக் கண்டு ஒளிந்தாள். தங்கச்சி மாதிரி ஆக்கள் பெரும்பாலும் வாயால் முறையிடமாட்டார்கள், நடத்தையால்தான் சொல்வார்கள், நகம் கடிப்பது, கட்டிலில் சிறுநீர், சாப்பாட்டைத் தள்ளுவது, திடீரென்று ஒருவரைக் கண்டால் அலறுவது. முந்தைய இடத்தில் அவள் உள்ளே போகமாட்டேன் என்று கேற்றைப் பிடித்து நின்றபோது, "வருத்தம் கூடிட்டுது, டொக்டரிட்ட காட்டுங்கோ" என்றார்கள், டொக்டர் மருந்தைக் கூட்டினார். எதற்காக மாட்டேன் என்கிறாள் என்று அவளிடமும் கேட்கவில்லை, எங்களிடமும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் அவளை நிறுத்தினோம். இங்கே கொப்பியில் ஒருமுறை எழுதியிருந்தார்கள்: "இன்று புதிய ட்ரைவரைக் கண்டு பின்வாங்கினாள். காரணம் தெரியவில்லை. பழைய ட்ரைவரை அனுப்புகிறோம், நீங்களும் கவனியுங்கள்." பிறகு பார்த்தால் அந்த ட்ரைவரின் தாடிக்குத்தான் பயம். ஆனால் தாடி என்று தெரியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி அந்தத் தாள். ஒரு பக்கம், தமிழிலும் சிங்களத்திலும். முறைப்பாடு வந்தால் முதலில் முறையிட்டவரை நம்புவது, குற்றம் சாட்டப்பட்டவரை அன்றே கடமையிலிருந்து விலக்குவது, பாதிக்கப்பட்டவரைக் குளிக்க வைக்காமல் உடுப்பைக் கழுவாமல் வைத்திருப்பது, நிலையமே விசாரணை நடத்தாமல் பொலிஸுக்குச் சொல்வது, சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும்போது அவருக்குப் பழக்கமான ஒருவர் கூடப் போவது. கீழே இலக்கங்கள்: பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸ் அவசரம் 119. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ அரச வைத்தியசாலைகள் பலவற்றில் உள்ள மித்துரு பியச, தமிழில் நட்பு நிலையம் என்று பலகை போட்டிருக்கும், அதையும் எழுதியிருக்கிறார்கள். போனில் பேசிச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இலக்கம் உதவும் என்பதையும் மிஸ் தானாகவே ஒத்துக்கொண்டார், ஆகவேதான் ஒவ்வொருவருக்கும் அவர் சொல்வதை விளங்கக்கூடிய இருவரின் பெயர் தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள், ஒருவர் நிலையத்துக்குள், ஒருவர் வெளியே. தங்கச்சிக்கு வெளியே என் பெயர் இல்லை, எதிர் ஃப்ளாட் ரீச்சரின் பெயர். அவளே தேர்ந்தாள். எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், ஆனால் பிரச்சினை வீட்டுக்குள்ளிருந்தே வந்தால் என்ற யோசனையில் செய்தது, சரிதான்.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. தண்டனைச் சட்டக்கோவை வன்புணர்வுக்குக் குறைந்தது ஏழு வருடம் என்கிறது, பாதிக்கப்பட்ட பெண் உடலாலோ மனத்தாலோ குறைபாடு உள்ளவர் என்றால் குறைந்தது 10 வருடம், 1995 திருத்தத்திலிருந்து. பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ சாட்சி சொல்லலாம் என்று நூறு வருடத்துக்கு மேற்பட்ட சாட்சியக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு நடந்தால் அதை வன்புணர்வு என்று சட்டம் எடுக்காது, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற வேறு பிரிவு, ஆண் பிள்ளையின் பெற்றோரும் தங்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள், கூட்டத்தில் அவர்கள்தான் முதலில் எழும்பிப் போனவர்கள். இவ்வளவும் தாளில் இருந்து என்ன, கொழும்பில் பொலிஸுக்குப் போனால் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதுகிறவர் முன்னால் தமிழில் திக்கித் திக்கிப் பேசுகிற ஒருத்தி நிற்க வேண்டும், "எத்தனையாம் திகதி, எத்தனை மணி" என்பார்கள், திகதி தெரியாத பிள்ளை பொய் சொல்கிறது என்று ஆகிவிடும். அதனால்தான் திகதியோடு எழுதிய அந்தக் கொப்பி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரு நட்சத்திரத்தை ஏன் குறைத்தேன் என்றால், முதலாவது முறைப்பாட்டுப் பெட்டி. ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் அடித்திருக்கிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர் எட்டமாட்டார், எட்டினாலும் எழுதத் தெரிந்தவர் மூன்று நான்கு பேர். சொல்லியிருக்கிறேன், இன்னும் இறக்கவில்லை. இரண்டாவது, காது கேளாதவர் ஒருவர் வருகிறார், சைகைமொழி தெரிந்தவர் ஊழியரில் ஒருவரும் இல்லை, அவருக்காகக் குறித்த அந்த இருவரும் ஊகித்துத்தான் விளங்கிக்கொள்கிறார்கள். மூன்றாவது கண்காணிப்பு. 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐநா மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, இப்படியான இடங்களைச் சுதந்திரமான அமைப்பு ஒன்று கண்காணிக்க வேண்டும் என்கிறது. இங்கே அரச தரப்பிலிருந்து ஒருவர் வந்து பதிவேடு பார்த்துத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார், பிள்ளைகளோடு தனியாகப் பேசியதாக யாரும் சொல்லவில்லை. எல்லாம் இந்த மிஸ் நல்லவர் என்பதில் நிற்கிறது, அவர் போனால் என்ன ஆகும்?

கட்டணத்தையும் திரும்பச் சொல்ல வேண்டும். வானோடு 31,000. முகத்துவாரத்திலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தோட்டத்து வீட்டில், தாய் வேலைக்குப் போனபின் கதவை வெளியால் பூட்டி உள்ளே வைத்திருக்கிற பிள்ளைக்கு இது எட்டாது. அந்தப் பூட்டின் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். மூன்று பேருக்குக் கட்டணக் குறைப்பு கொடுக்கிறார்களாம், மூன்று பேர் காணாது.

போய்ப் பார்க்க நினைப்பவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள், விடுகிறார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணி போல் போனால் நல்லது, ஊழியர் களைத்திருக்கும் நேரம் அதுதான், ஓர் இடத்தின் குணம் அப்போது தெரியும். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரிடம் பேசாமல் உங்களிடம் மட்டும் பேசுகிற ஊழியர் யாரென்று பாருங்கள், நாங்கள் போன முறை ஒருவர் அப்படி இருந்தார், கீழ்மாடியில், கண்ணாடி போட்டவர். வான் வேண்டுமென்றால் அன்றே பெயர் கொடுத்துவிடுங்கள், ஜனவரியில் இடம் நிரம்பிவிடும்.